கட்டற்ற மென்பொருளும் காவற் கடமையும்

கட்டற்ற இயங்குதளமொன்றைக் கணனியில் நிறுவிய மாத்திரத்தே தம் அந்தரங்கம் காக்கப்பட்டதென எண்ணுவார் பலர். அது பொருந்தாது. மூலநிரல் யாவர்க்கும் திறந்திருத்தல் சோதித்தற்குரிய உரிமையேயன்றிச் சோதனையன்று. 'எக்ஸ்இசட்' என்னும் சுருக்கக் கருவியினுள் ஒளிக்கப்பட்ட கள்ளவழி, டெபியனின் சோதனைப் பதிப்புவரை சென்றபின்னரே 2024 மார்ச்சில் வெளிப்பட்டது. தொலைவிலிருந்து கணனியுட் புகுதல் ஏறக்குறைய அரை விநாடி தாமதித்தமை கண்டு ஐயுற்று ஆராய்ந்த அந்திரேசு பிறொயிண்ட் என்னும் பொறியியலாளரே அதனைக் கண்டறிந்தவர். தொலைப்புகு சேவை இயங்காத கணனியில் அவ்வழி பயன்படாது.

ஆதலின், லினக்சு பயில்வோர் வேண்டாத சேவைகளை நிறுத்துக, வட்டினை மறைகுறியாக்குக, தீச்சுவர் அமைக்க, திருத்தங்களைப் பிந்தாது ஏற்றுக, அன்றாட வேலைக்கு நிருவாகி உரிமையைக் கையாளாதொழிக. மூலநிரலைப் படித்து ஆராயவல்ல மாணவர் நம்மிடையே பெருகுதல் இவற்றினும் வேண்டற்பாலது.