புயல் சாய்த்த மரத்துக்கு யார் பொறுப்பு?

குற்றாலத்தையொட்டிய மலையடிவாரத்தில், செங்கோட்டை, கடையநல்லூர்ப் பக்கம் தென்னையும் மாவுமாகத் தனியார் தோப்புகள் பரந்து கிடக்கின்றன. கார்பன் வரவு வணிகத் திட்டத்தை மத்திய அரசு 2023 ஜூனில் அறிவித்துவிட்டது. மரம் சேமிக்கும் கார்பனை விற்கலாம் என்ற அழைப்பு இந்தத் தோப்புக்காரர்களையும் தேடி வரக்கூடும்.

விற்றபின் புயல் வந்தால்?

2017இல் ஒக்கி, குமரி மாவட்ட ரப்பர் தோட்டங்களை முறித்துப் போட்டது. மறு ஆண்டே கஜா, டெல்டாவின் தென்னைகளை வேரோடு பெயர்த்தது. அப்படி எல்லாம் இழந்து நிற்பவரிடம் 'விற்ற கார்பனைத் திருப்பிக் கொடு' என்று கேட்பது பெரும் அநியாயம்.

நியூசிலாந்தில் காடு அழிந்தால் கார்பன் அலகுகளைத் திருப்பிச் செலுத்தும் கடமை உரிமையாளருக்கு உண்டு. ஆனால் அழித்தது இயற்கை என்றால், மீண்டும் நட்டு வளர்ப்பவர் விண்ணப்பித்து அந்தக் கடமையை நிறுத்திவைக்கலாம். கலிஃபோர்னியாவில் ஒவ்வொரு காட்டுத் திட்டமும் தன் வரவில் ஒரு பங்கைப் பொதுச் சேமிப்பில் போடுகிறது; காட்டுத்தீ இழப்பு அதிலிருந்து ஈடாகிறது.

இவ்விரண்டு பாதுகாப்பும் நமக்கும் வேண்டும். கையெழுத்து வாங்கும் முன்பே, தென்காசி விவசாயிக்குப் புரியும் தமிழில், மறுநடவுக்குப் போதிய ஆண்டுகள் அவகாசத்தோடு ஒப்பந்தத்தில் எழுதப்பட வேண்டும்.