பேசும் கணினிக்குத் தமிழாசிரியர் வேண்டும்

அறந்தாங்கியில் எம்மிடம் தமிழ் பயிலும் பார்வையற்ற மாணவர் ஒருவர், பழைய மடிக்கணினி ஒன்றில் டெபியன் இயங்குதளத்தைத் தாமே நிறுவினார். உதவிக்கென்று அருகில் அமர்ந்த எமக்கு வேலையே இருக்கவில்லை. தொடக்கப் பட்டியல் வந்ததும் கணினி ‘பீப்’ என ஒலிக்கிறது. ‘எஸ்’ விசையையும் ‘எண்டர்’ விசையையும் தட்டினால், பிறகு ஒவ்வொரு வினாவையும் அதுவே வாய்விட்டுப் படிக்கிறது. உபுண்டுவிலோ ஆல்ட், விண்டோஸ் சின்னமுள்ள விசை, எஸ் ஆகிய மூன்றையும் சேர்த்து அழுத்தினால் ‘ஆர்க்கா’ எனும் திரைவாசிப்பான் பேசத் தொடங்கும். கேரளத்தில் பார்வையற்றோருக்கென்றே உருவான ‘ஆக்சசிபிள் கோகனட்’ இயங்குதளமும் உபுண்டு மேட் வழி வந்ததே. எதற்கும் விலையில்லை.

விலையின்மையை வியந்துகொண்டிருந்த எம்மிடம் மாணவர் சொன்னார்: “எல்லாம் சரிதான் ஐயா, இதன் தமிழைத்தான் கேட்கமுடியவில்லை.”

அக்குரல் ஈஸ்பீக் என்னும் மென்பொருளுடையது. ஜோனதன் டடிங்டன் 1995இல் ஏகார்ன் கணினிகளுக்காக எழுதத் தொடங்கியது. 2015 முதல் ‘ஈஸ்பீக் என்ஜி’ என்ற பெயரில் வளர்கிறது. மனிதக் குரலைப் பதிந்து ஒட்டாமல், விதிகளைக் கொண்டே ஒலியை ஆக்குவதால் அளவில் மிகச் சிறியது. பழைய கணினியிலும் தடையின்றி ஓடும். எழுத்தை ஒலியாக்கும் தமிழ் விதிகளும், விதிக்கு அடங்காத சொற்களின் பட்டியலும் எவரும் திறந்து படித்துத் திருத்தக்கூடிய வெறும் உரைக் கோப்புகள்.

பக்கம், பங்கு, பகல் மூன்றிலும் ககரம் வெவ்வேறாக ஒலிக்கிறது. இதை இடம் நோக்கி விதியாக்கிவிடலாம். ஆனால் கம்பனும் கங்கையும், பழமும் பயமும் ஒரே எழுத்தில் தொடங்கி வேறாக ஒலிப்பதை எந்த விதி சொல்லும்? அங்கே பட்டியல்தான் வேண்டும். அதைத் தொகுக்க வேண்டியவர் நிரலாளர் அல்லர். தொல்காப்பியப் பிறப்பியலைப் பாடமாக நடத்தும் நாம்தாம்.

கைபேசியில் இதனினும் இனிய தமிழ்க் குரல்கள் உண்டே என்பார்கள். உண்டு. ஆனால் அக்குரல் பிழைபட்டால் உரிய நிறுவனம் திருத்தும்வரை காத்திருப்பதன்றி வேறு வழியில்லை. இங்கோ பிழையைத் திருத்தும் உரிமை நம் கையில் இருக்கிறது. உரிமை இருந்தும் திருத்தாதிருப்பது யார் குற்றம்?

நமக்கு இது உச்சரிப்புச் சிக்கல். அம்மாணவருக்கோ சங்கப் பாடலும் புதுமைப்பித்தனும் இனி அக்குரலில்தான் வந்து சேரவேண்டும். அவர் கேட்கப்போகும் தமிழே அதுதான். பார்வையற்றோருக்குப் புத்தகம் படித்துக் காட்டுவதைத் தொண்டு என்கிறோம். ஒரு மாலைப்பொழுதில் நாம் படிப்பதை ஒருவர் கேட்பார். அக்கோப்பில் நாம் திருத்தும் ஒரு சொல்லை, நாம் அறியாத பலர் நம் துணையின்றியே கேட்பார்கள்.

பிழையாக ஒலிக்கும் சொற்களை அம்மாணவர் குறித்து வருகிறார். தமிழ்த்துறைகள் தோறும் இப்படியொரு பட்டியல் தொடங்கட்டும். ஒலிப்பைத் தமிழறிந்தோர் முடிவு செய்து, கணினியறிந்த மாணவர் வழியே உரியவர்களுக்கு அனுப்பலாம். பிறப்பியல் தேர்வுத்தாளோடு முடிந்துவிட வேண்டியதில்லை.