“சாதுவான மீன்தான்” என்று சொல்லி விற்கலாமா?

அலங்கார மீன் வியாபாரத்தில் இருக்கும் நமது சகோதரர்கள் சிலர், வாடிக்கையாளர் எந்த மீனைக் காட்டிக் கேட்டாலும் “சாதுவான மீன்தான், எதோடும் போடலாம்” என்று சொல்லிவிடுகிறார்கள். இது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

புளூ அகாராவை எடுத்துக்கொள்வோம். ட்ரினிடாட், வெனிசுவேலா பகுதி ஆறுகளைச் சேர்ந்த சிக்லிட் இனம். கடையில் இரண்டு அங்குலக் குஞ்சாக இருக்கும். வளர்ந்தால் ஆறு அங்குலம். தன் பருமனுள்ள மீன்களோடு பெரும்பாலும் ஒத்துப்போகும். ஆனால் கப்பி, நியோன் டெட்ரா போன்று வாய்க்குள் அடங்குபவற்றை விழுங்கிவிடும். தட்டையான கல்லில் முட்டையிட்டால் ஆணும் பெண்ணும் சேர்ந்து காவல் காக்கும்; அந்நாட்களில் பக்கத்தில் எதையும் அண்டவிடாது. என் வீட்டு நான்கடித் தாங்கியில் ஒரு சோடி இருக்கிறது. அவை தோண்டிப்போட்ட கற்களை நிரவுவது எனக்கு வாராந்த வேலை. அதுவும் ஒரு ரசனைதான்!

இதைவிட மோசமானது, கிரீன் டெரர் குஞ்சை புளூ அகாரா என்று கொடுப்பது. சிறிய வயதில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். கிரீன் டெரர் எக்குவடோர், பெரு நாடுகளின் பசுபிக் கரையோர ஆறுகளுக்குரியது. எட்டு அங்குலத்துக்கு மேலும் வளரும், முரட்டுக் குணம். வளர வளர வால், முதுகுச் செட்டைகளின் ஓரத்தில் வெள்ளை அல்லது செம்மஞ்சள் கரை தோன்றும்போதுதான் வாங்கியவருக்கு விடயம் புரியும்.

சந்தையில் தானியக் குவியலுக்குள் கையை விட்டு, உள்ளே ஈரத்தைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், அதனை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று வியாபாரியிடம் கேட்ட சம்பவம் நாமெல்லோரும் ஜும்ஆவில் கேட்டதுதான். மீனின் சுபாவம் ஒரு குறையா என்று சிலர் வாதிடலாம். மார்க்கத் தீர்ப்பு உலமாக்களுக்குரியது. அறிந்திருந்தால் வாங்கியிருக்க மாட்டார் என்ற விடயத்தை வாங்குபவரிடம் சொல்லத்தான் வேண்டும் என்பது எனது கருத்து.

இதில் நட்டமும் இல்லை. ஒரே இரவில் கப்பிகளை இழந்தவர் தாங்கியையே விற்றுவிடுவார். உண்மையைச் சொன்னால் மூன்றடித் தாங்கியும் நல்ல பில்டரும் வாங்குவார். எட்டுப் பத்து வருடம் வாழக்கூடிய மீனுக்கு உணவு வாங்க உங்களிடமே வருவார். கொழும்பு வெப்பத்தில் ஹீட்டர் தேவையில்லை, நுவரெலியாவில் தேவை என்று சொல்லிக் கொடுக்கும் கடையை யார் மறப்பார்?

இன்னொன்று. வளர்ந்து தொல்லையாகும் மீனைச் சிலர் கால்வாயில் விட்டுவிடுகிறார்கள். தென்னமெரிக்காவிலிருந்து வந்த டாங்க் கிளீனர் இன்று நமது நீர்நிலைகளில் பெருகியிருப்பது இவ்வாறான வேலைகளால்தான். எனவே, வைத்திருக்க முடியாவிட்டால் திருப்பிக் கொண்டுவாருங்கள், பாதி விலைக்கு வேறு மீன் தருகிறோம் என்று கடையில் ஓர் அறிவித்தல் தொங்கவிடலாம். பெரிய சிக்லிட்டைத் தேடி வருபவர்களும் இருக்கிறார்கள். திரும்பி வரும் மீன் கடையில் தேங்காது.