புதிய இரத்தப் பரிசோதனையா, பழைய றிப்போட்டா?

செப்சிஸ் என்ற சொல் இப்போது எம்மவர் வீடுகளிலும் அடிபடுகிறது. யாராவது ஒருவர் அதனால் வைத்தியசாலையில் படுத்துவிட்டால், சில நாட்களிலேயே எம்மிடம் இந்தக் கேள்வி வந்துவிடும்: “டொக்டர், சிறுநீரகம் பழுதாகப்போவதை முன்கூட்டியே காட்டும் இரத்தப் பரிசோதனை இருக்கிறதாமே, அம்மாவுக்கு ஏன் செய்யவில்லை?” கேள்வியில் நியாயம் உண்டு. ஆனால் அம்மாவின் பழைய இரத்தப் பரிசோதனை றிப்போட் எங்கே என்று நாம் திருப்பிக் கேட்டால், பெரும்பாலும் பதில் இல்லை.

கிருமித்தொற்றை எதிர்க்கப் புறப்பட்ட உடல், கட்டுமீறித் தன் உறுப்புகளையே தாக்கத் தொடங்குவதுதான் செப்சிஸ். நியூமோனியா, சலத்தில் தொற்று, நீரிழிவுக்காரரின் காலில் ஆறாத புண் என எதிலிருந்தும் அது தொடங்கலாம். 2017ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 4 கோடியே 89 இலட்சம் பேருக்கு அது வந்ததாகவும், 1 கோடியே 10 இலட்சம் பேர் அதனால் இறந்ததாகவும் 2020இல் ஒரு மதிப்பீடு வெளிவந்தது. அதில் அடிக்கடி அடிபடும் உறுப்பு சிறுநீரகம்.

சிறுநீரகத்தை அறிய நாங்கள் வழக்கமாகப் பார்ப்பது கிரியேற்றினின். இது தசையிலிருந்து வரும் கழிவு. சிறுநீரகம் அடிபட்டு ஒன்றிரண்டு நாள் சென்ற பிறகுதான் இதன் அளவு தெளிவாக ஏறும். அதனால்தான் விரைவாகக் காட்டும் வேறொன்றைத் தேடினார்கள். என்.ஜி.ஏ.எல் என்ற புரதம் பெரும் நம்பிக்கையைத் தந்தது. இதய அறுவைச் சிகிச்சை செய்த 71 பிள்ளைகளிடம் நடந்த அமெரிக்க ஆய்வு ஒன்று 2005இல் வெளிவந்தது. சிறுநீரகம் பாதிக்கப்பட்ட பிள்ளைகளில் இரண்டு மணித்தியாலத்துக்குள்ளேயே அந்தப் புரதம் ஏறியிருந்தது.

ஆனால் செப்சிஸ் வேறு கதை. என்.ஜி.ஏ.எல்லைச் சிறுநீரகம் மட்டுமல்ல, கிருமியோடு போராடும் வெண்குருதிக் கலங்களும் வெளியிடுகின்றன. எனவே சிறுநீரகம் நன்றாக இருந்தாலும் இரத்தத்தில் அது ஏறிவிடும். இன்னொன்றும் உண்டு. அறுவைச் சிகிச்சை எத்தனை மணிக்கு நடந்தது என்பது தெரியும். செப்சிஸ் எப்போது தொடங்கியது என்பது யாருக்குத் தெரியும்? சிஸ்ரற்றின் சி என்ற மற்றப் பரிசோதனை தசையை அவ்வளவாகச் சார்ந்திராததால் மெலிந்த முதியவர்களுக்கு உதவும். ஆனால் ஸ்ரெரொயிட் மருந்தும் தைரொயிட் கோளாறும் அதையும் குழப்பும். என்.ஜி.ஏ.எல் உட்பட இவ்வகைப் பரிசோதனைகள் சிலவற்றை ஆராய்ந்த இங்கிலாந்தின் நைஸ் நிறுவனம், அவற்றைப் பரிந்துரைக்கப் போதிய சான்று இல்லை என்று 2020இல் அறிவித்தது. அது சரியான முடிவென்றே நாம் கருதுகிறோம். பரிசோதனை ஆபத்தைக் காட்டினாலும் செய்யப்போவது அதே வேலைதான்: தொற்றுக்கு உடனே மருந்து, தேவையான அளவு சேலைன், சிறுநீரகத்தைக் கெடுக்கும் மருந்துகளை நிறுத்துவது.

பழைய கிரியேற்றினினிலேயே நாம் பயன்படுத்தாத பலன் இருக்கிறது. மெலிந்த ஒரு அம்மாவுக்கு வழக்கமாக 0.6 இருந்தது, இன்று 0.9 என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் ‘நோர்மல்’ எல்லைக்குள்தான். ஆனால் ஒரு வாரத்துக்குள் ஒன்றரை மடங்கு ஏறினால் அது திடீர்ச் சிறுநீரகப் பாதிப்பு என்பது 2012இல் வந்த சர்வதேச வரையறை. பழைய எண் கையில் இல்லாதவருக்கு 0.9 வெறும் 0.9தான்.

இங்கிலாந்தின் ஆய்வுகூடங்களில் புதிய அளவைப் பழையதோடு ஒப்பிட்டு எச்சரிக்கும் கணினி முறை 2014இல் இருந்து வரத் தொடங்கியது. ஆனால் யாழ்ப்பாணத்திலிருந்து போன மாதம் வந்த அப்பாவின் பழைய அளவு அந்தக் கணினிக்கு எப்படித் தெரியும்? நாட்டைவிட்டு ஓடிவந்தபோது காணி உறுதியையும் பிறப்புச் சான்றிதழையும் மடியில் கட்டிக்கொண்டு வந்தவர்கள் நாங்கள். வைத்திய றிப்போட்டைக் கொண்டுவர யாருக்கும் தோன்றவில்லை. ஊரிலிருந்து பெற்றோரை அழைப்பவர்கள் கடைசி இரத்தப் பரிசோதனையையும் கொண்டுவரச் சொல்லுங்கள். ஊரில் கிரியேற்றினினைப் பெரும்பாலும் மில்லிகிராமில் எழுதுவார்கள். அதை 88.4ஆல் பெருக்கினால் இங்குள்ள அளவு வரும்; 0.6 என்பது 53. ஏற்கனவே இங்கே பரிசோதனை செய்தவர்கள் பலர் என்.எச்.எஸ் செயலியிலேயே தங்கள் எண்ணைப் பார்க்கலாம்.

குளிசைகளையும் மறைக்காதீர்கள். மொழிபெயர்க்கும் மகனோ மகளோ பிறசர் குளிசையைச் சொல்வார்கள். மூட்டுவலிக்கு ஊரிலிருந்து வந்த புரூபனையும் வோல்ரறெனையும் விட்டுவிடுவார்கள். அவை மருந்தென்றே பலர் எண்ணுவதில்லை. வாந்தி, வயிற்றோட்டம், கடும் காய்ச்சல் உள்ள நாட்களில் அவை சிறுநீரகத்தைப் பாதிக்கலாம். சில பிறசர் குளிசைகளையும் மெற்போமினையும்கூட அந்த நாட்களில் தற்காலிகமாக நிறுத்த வேண்டிவரும். தாமாக முடிவெடுக்காமல் குடும்ப வைத்தியரையோ மருந்தாளரையோ 111ஐயோ கேளுங்கள்.

காய்ச்சலோடு பேச்சுக் குழறினாலோ, மூச்சு வாங்கினாலோ, நாள் முழுக்கச் சலம் போகாவிட்டாலோ 999ஐ அழையுங்கள். கடைசியாகச் சலம் போனது எத்தனை மணிக்கு என்று வந்தவர்கள் கேட்பார்கள். அதைக் கவனித்துச் சொல்ல வீட்டில் ஒருவர் வேண்டும்.