கட்டுத்தரையில் ஏசி அறை

ஆனைமலைப் பக்கம் ஒரு தென்னந்தோப்பில் சென்ற மாதம் இரண்டு இரவு தங்கினேன். ஓர் இரவுக்கு அறை வாடகை 9,000 ரூபாய். தேங்காய் விற்ற காசை இப்படிச் செலவு செய்கிற ஆள் அல்ல நான். எங்கள் தோட்டத்தில் தாத்தா காலத்து ஓட்டுச் சாளை ஒன்றும், பத்து மாடு கட்டும் கட்டுத்தரையும், கொப்பரை போட்டுவைக்கும் குடோனும் இருக்கின்றன. இவற்றை ஒன்பது வருடக் குத்தகைக்குக் கொடுங்கள், நாங்கள் தங்கும் விடுதியாக மாற்றிக்கொள்கிறோம் என்று ஒரு நிறுவனத்தார் வந்து கேட்டார்கள். மாதம் 40,000 ரூபாய் தருவார்களாம். கையெழுத்துப் போடுவதற்கு முன், அவர்கள் ஏற்கெனவே நடத்திவரும் விடுதியில் தங்கிப் பார்த்துவிடலாம் என்றுதான் போனேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். எனக்குக் கொடுத்த அறை முன்பு மாடு கட்டிய இடம். மூன்று பக்கம் ஒன்றரை அடி மண்சுவர், சுண்ணாம்புப் பூச்சு, மேலே பனஞ்சட்டம், ஓடு. திறந்திருந்த நான்காவது பக்கத்துக்குக் கண்ணாடிக் கதவு போட்டிருக்கிறார்கள். மத்தியானம் இரண்டு மணிக்கு ஏசியை அணைத்துவிட்டுப் படுத்தேன், தூக்கம் வந்தது. இப்படிப்பட்ட கட்டடங்களைத்தான் நாம் இடித்துவிட்டு, ஜல்லியும் சிமென்ட்டும் கொட்டி, வெக்கையில் வேகும் வீடுகளைக் கட்டிக்கொள்கிறோம். பழைய சுவரைத் தடவிப் பார்க்க ஊரிலிருந்து ஆட்கள் பணம் கொடுத்து வருகிறார்கள் என்பதை நாம் ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

ஆனால் அந்தத் தோட்டத்தில் மாடு இல்லை. கழுநீர்த் தொட்டியில் கூழாங்கல் போட்டு அல்லி வளர்க்கிறார்கள். ஏர்க்கலப்பை வரவேற்பறைச் சுவரில் தொங்குகிறது. காலையில் காபிக்கு வந்தது பாக்கெட் பால். பெங்களூரிலிருந்து வந்திருந்த ஒரு குடும்பத்தின் சிறுமி, “மாடு எங்கே இருக்கு?” என்று பணியாளரிடம் கேட்டாள். அவர் சிரித்துக்கொண்டே நீச்சல் குளத்தின் பக்கம் கை காட்டினார்.

அந்த நீச்சல் குளத்தைக் காலடியால் அளந்தேன். பத்து மீட்டர் நீளம், ஐந்து மீட்டர் அகலம், ஒன்றரை மீட்டர் ஆழம் என்றால் 75,000 லிட்டர். கோடையில் சொட்டுநீரில் ஒரு தென்னைக்கு நாளொன்றுக்குச் சுமார் 65 லிட்டர் விடச் சொல்கிறது வேளாண் பல்கலைக்கழகம். அந்தக் கணக்கில் இது ஆயிரத்துக்கும் மேற்பட்ட மரங்களின் ஒரு நாள் தண்ணீர். ஏக்கருக்கு 70 மரம் என்று வைத்தால் பதினாறு ஏக்கர். குளத்தைத் தினமும் மாற்றுவதில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் பி.ஏ.பி. வாய்க்காலில் எப்போது தண்ணீர் விடுவார்கள் என்று காத்திருப்பவனுக்கு இந்தக் கணக்குப் போடாமல் தூக்கம் வராது.

தண்ணீரைவிட என்னை உறுத்தியது மரங்கள். அறைகளைச் சுற்றி நிற்கும் அறுபது எழுபது தென்னையிலும் ஒரு காய்கூட இல்லை. வெள்ளை ஈயோ, வாடல் நோயோ என்று நினைத்து மட்டையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன். தோட்ட வேலை செய்யும் பெரியவர் வந்து விஷயத்தைச் சொன்னார்: “நோவெல்லாம் இல்லீங்க. விருந்தாளிக தலைல காய் விழுந்தரக் கூடாதுன்னு பிஞ்சுலயே குலையை வெட்டிப்போடறதுங்க.” முப்பது வருடம் அதே தோப்பில் காய் போட்டவர் அவர். இப்போது புல்தரைக்குத் தண்ணீர் விடுகிறார். சம்பளம் மாதாமாதம் சரியாக வருகிறது என்றார், அதில் குறை இல்லையாம்.

ஊருக்குத் திரும்பியதும் எனக்குக் கொடுத்திருந்த ஒப்பந்தத்தை மறுபடி நிதானமாகப் படித்தேன். காலை ஒன்பது மணிக்கு முன் டிராக்டர் ஓட்டக் கூடாது. அறைகளிலிருந்து 200 அடிக்குள் குப்பைமேடு இருக்கக் கூடாது. விருந்தினர் இருக்கும்போது மருந்து அடிப்பதானால் முன்கூட்டியே எழுதிக் கேட்க வேண்டும். நிலம் என் பெயரில்தான் இருக்கும், ஆனால் வெயிலுக்கு முன் உழவு ஓட்ட முடியாது. தோப்பைக் கொடுத்த உரிமையாளரையும் போனில் பிடித்துக் கேட்டேன். தன் களத்துக்குப் போவதற்கே இப்போது போன் செய்துவிட்டுத்தான் போகிறாராம்.

பணக் கணக்கும் பார்ப்போம். எங்கள் தோட்டத்தில் ஆறு அறை எடுக்கலாம் என்பது அவர்கள் திட்டம். மாதத்தில் பாதி நாள் நிறைந்தாலே, இதே வாடகையில் 8,10,000 ரூபாய். மாற்றிக் கட்டும் செலவு, ஆள் கூலி, மின்சாரம், விளம்பரம் எல்லாம் அவர்களுடையது என்பது உண்மைதான். இருந்தாலும் இடமும் கட்டடமும் கொடுப்பவனுக்கு அதில் இருபதில் ஒரு பங்குதான் வருகிறது.

பழைய தோட்டக் கட்டடங்களை விடுதியாக்குவதில் நமக்கு முன்னே நடந்தவர்கள் இத்தாலிக்காரர்கள். அங்கே டஸ்கனி போன்ற பகுதிகளில் பாதிக்குப் பாதி வாரம் பேசிப் பயிர் செய்த குடும்பங்கள் இரண்டாம் உலகப் போருக்குப் பின் கூட்டம் கூட்டமாகத் தொழிற்சாலை வேலைக்குப் போய்விட்டன. 1964-ல் புதிய வார ஒப்பந்தங்களையே சட்டம் தடை செய்தது. கல் வீடுகளும் தொழுவங்களும் பாழடைந்தன. அவற்றில் விருந்தினரைத் தங்கவைத்து வருமானம் பார்க்கும் முறையை ஒழுங்குபடுத்த 1985-ல் தேசியச் சட்டம் ஒன்று வந்தது, 2006-ல் அதைப் புதுப்பித்தார்கள். ‘அக்ரிடூரிஸ்மோ’ என்பது அதன் பெயர்.

அந்தச் சட்டம் சொல்வதை நம் விவசாயிகள் தெரிந்துகொள்ள வேண்டும். இந்தப் பெயரில் விடுதி நடத்த விவசாயம் செய்பவருக்குத்தான் உரிமை. பண்ணையில் ஏற்கெனவே இருக்கும் கட்டடங்களைத்தான் பயன்படுத்த வேண்டும். பரிமாறும் உணவில் கணிசமான பங்கு சொந்தப் பண்ணையில் விளைந்ததாக இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, விவசாயமே முதன்மைத் தொழிலாக இருக்க வேண்டும். அதை முக்கியமாக எதை வைத்துப் பார்க்கிறார்கள் தெரியுமா? வருமானத்தை அல்ல, உழைக்கும் நேரத்தை. வயலில் செலவாகும் நேரம் விருந்தினருக்குச் செலவாகும் நேரத்தைவிடக் கூடுதலா என்று கணக்குக் கேட்கிறார்கள். பத்து விருந்தினருக்கு மேல் போகாத சிறு பண்ணையிடம் அந்தக் கணக்கையும் கேட்பதில்லை. இதை எழுதிய ஆளுக்கு ஒரு கும்பிடு போடலாம். தேங்காய் விலை சரிந்த வருடத்தில் அறை வாடகை கைகொடுக்கும், ஆனால் மாட்டை விற்றால் அந்தப் பெயரே போய்விடும் என்று கட்டிவைத்திருக்கிறார்கள்.

நம் நாட்டில் மகாராஷ்டிர அரசு 2020-ல் வேளாண் சுற்றுலாவுக்கெனத் தனிக் கொள்கை கொண்டுவந்தது. நம் மாநிலத்திலும் ‘பண்ணைத் தங்கல்’ என்ற பலகையை யார் மாட்டலாம் என்பதற்கு இத்தாலியைப் போல ஒரு வரையறை வேண்டும். சாகுபடி இல்லாத இடம் ரிசார்ட் என்று பலகை வைத்துக்கொள்ளட்டும், யாரும் தடுக்கவில்லை. நம் தொழிலின் பெயரை வைத்து விற்கும்போது தொழிலும் அங்கே நடக்க வேண்டும் என்பதுதான் என் வாதம். வேளாண்மை அலுவலர்களும் வேளாண் அறிவியல் நிலையத்தாரும் கோழி, தேனீ, காளான் என்று பயிற்சி கொடுப்பதுபோல இதற்கும் இரண்டு நாள் ஒதுக்கலாம். இல்லாவிட்டால் ஒப்பந்தத் தாளோடு வருகிறவர்தான் நமக்குப் பயிற்சி கொடுப்பார்.

நாமே இரண்டு அறை போடுவோம் என்று நினைப்பவர்களுக்குச் சில எச்சரிக்கைகள். பம்புசெட்டுக்கான இலவச மின்சாரத்தை அறைக்கு இழுக்கக் கூடாது, தனி இணைப்பு வேண்டும். விவசாய வருமானத்துக்கு வரி இல்லை என்பது அறை வாடகைக்குப் பொருந்தாது. கட்டடப் பயன்பாட்டை மாற்ற அனுமதி வேண்டுமா என்று உள்ளாட்சி அலுவலகத்தில் முதலிலேயே கேட்டுவிடுங்கள். வெளியாருக்குக் குத்தகைக்கு விடுவதானால், ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தே ஆக வேண்டும். வெறும் தாளில் கையெழுத்து வேண்டாம்.

சாளையை மட்டும் ஒதுக்கி இரண்டு அறை நாமே போடலாம், கட்டுத்தரையில் மாடு அப்படியே இருக்கட்டும் என்று வீட்டில் சொன்னேன். “விடிய ஆறு மணிக்கு வர்றவங்களுக்கெல்லாம் காப்பி யாருங்க போடறது?” என்று மனைவி கேட்டாள். நியாயமான கேள்வி. இத்தாலிக்காரர்கள் உழைக்கும் நேரத்தைக் கணக்கெடுத்ததன் அர்த்தம் அப்போதுதான் எனக்கு முழுதாகப் புரிந்தது. வேலையைப் பிரித்து எழுதிப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். அடுத்த வாரம் நிறுவனத்தார் வருகிறார்கள். டிராக்டர், குப்பைமேடு, குலை வெட்டுவது ஆகிய மூன்றையும் சிவப்பு மையில் அடித்து வைத்திருக்கிறேன்.