ஆடாத தரையில் ஒரு சனிக்கிழமை

புதுச்சேரியின் அட்சரேகையை ஒட்டியே மேற்கே போனால், உலகின் மறுபக்கத்தில் கரீபியத் தீவான கிரெனடா வரும். ஜூன் முதல் நவம்பர் வரையிலான அட்லாண்டிக் புயல் பருவத்தில், பாய்மரப் படகையே வீடாக்கிக்கொண்ட பலர் அதன் தென்கரை விரிகுடாக்களில் நங்கூரமிடுகிறார்கள். பெரும்பாலான புயல்கள் அதற்கு வடக்கே போய்விடுவதுதான் காரணம்.

பாய்மரப் படகு என்றாலே பணக்காரர் பொழுதுபோக்கு என்ற எண்ணம் நம்மிடம் உண்டு. படகுவாசம் அத்தனை சொகுசானதில்லை. குளிக்கும் தண்ணீரை அளந்து செலவழிக்க வேண்டும். நள்ளிரவில் காற்று திசை மாறினால், நங்கூரம் பிடித்திருக்கிறதா என்று எழுந்து பார்க்க வேண்டும். இப்படி வாழ்பவர்களுக்கு ஆடாத தரையே ஓய்வு.

சனிக்கிழமை காலை டிங்கி என்ற சிறு படகைத் துறையில் கட்டிவிட்டு அவர்கள் மினிபஸ் ஏறுகிறார்கள். இறங்குமிடம் வந்ததும் கூரையில் தட்டினால் போதும், வண்டி நிற்கும். தலைநகர் செயின்ட் ஜார்ஜஸின் சந்தையில் ஜாதிக்காய் குவிந்திருக்கிறது. மஞ்சள் பழத்தைப் பிளந்தால், பளபளக்கும் பழுப்புக் கொட்டையைச் சிவப்பு வலைபோலச் சுற்றியிருக்கிறது ஜாதிபத்திரி. நாட்டின் கொடியிலேயே இடம்பெற்ற காய் இது. 2004 செப்டம்பரில் ஐவன் சூறாவளி ஜாதிக்காய்த் தோப்புகளைச் சாய்த்தது. புதுக் கன்று காய்க்கப் பல ஆண்டுகள் ஆகும் என்பதால், இன்றைய குவியலுக்குப் பின்னால் நெடுங்காலக் காத்திருப்பு இருக்கிறது.

மதியம் 'ஆயில் டவுன்'. சீமைப்பலா, உப்பிட்ட இறைச்சி, சேம்பு இலை, மஞ்சள் எல்லாம் தேங்காய்ப் பாலில் வெந்து, பால் முழுதும் சுண்டியபின் இறக்கும் தேசிய உணவு. சாப்பிட்டபின் மரநிழலில் ஒரு தூக்கம்.

படகுத்துறை, பஸ், சந்தை, மரநிழல்: இவற்றில் எதுவும் படகுக்காரர்களுக்காகக் கட்டப்பட்டதில்லை. உள்ளூர் மக்களின் அன்றாடப் புழக்கத்தில் இருப்பவை. விருந்தினரை வரவழைக்க நினைக்கும் அரசுகள், வேலி போட்ட சொகுசு விடுதிகளுக்குக் கரையைத் தாரைவார்க்கும் முன் இதை எண்ணிப்பார்க்க வேண்டும். மீனவரும் மாலுமியும் ஒரே துறையில் படகு கட்டினால்தான் சந்தைக்காரிக்கும் வருமானம் வரும்.

படகுக்காரர்களுக்கும் கடமை உண்டு. கழிப்பறைக் கழிவை விரிகுடாவில் விடக் கூடாது; காய்கறியை உள்ளூரில் வாங்க வேண்டும். இப்படி வளரும் உறவின் பலன் பேரிடரில் தெரியும். 2024 ஜூலை 1 அன்று பெரில் சூறாவளி, கிரெனடாவைச் சேர்ந்த கேரியாக்கு தீவை நொறுக்கியது. சதுப்புநிலக் காட்டில் ஒதுங்கியிருந்த பாய்மரப் படகுகளும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சரிந்தன. அப்போது கிரெனடாவிலிருந்து தண்ணீரும் உணவும் ஏற்றிச் சென்றவர்களில் இந்தப் படகுவாசிகளும் இருந்தார்கள். காய் வாங்கிய பழக்கம், துறையில் பேசிய பேச்சு எல்லாம் அன்று கைகொடுத்தன.

பொழுது சாய்வதற்குள், தண்ணீர் கேன்களும் ஒரு சீமைப்பலாவுமாக டிங்கிகள் படகுகளுக்குத் திரும்புகின்றன. அடுத்த சனிக்கிழமையும் அந்தத் துறை அவர்களுக்குத் திறந்திருக்க வேண்டும்.