பத்தரின் கைக்கும் முத்திரை வேண்டும்

விழுப்புரம் மாவட்டத்து மரக்காணம் உப்பால் வாழும் ஊர். வெயில் உள்ளவரை பாத்திகளில் உப்பு விளையும். ஐப்பசி மழை இறங்கிவிட்டால் அளத்தில் வேலை நின்றுவிடும். இப்படிப்பட்ட ஊர்களில் உழைப்பாளி குடும்பத்துக்கு நகை என்பது ஆடம்பரம் அன்று. கையில் காசில்லாத மாதங்களில் அடகு வைத்து அரிசி வாங்க உதவும் சேமிப்பு அது.

அந்தச் சேமிப்பைச் செய்து தந்தவர் ஊர்ப் பத்தர். வீட்டார் கொடுத்த பொன்னைக் குமுட்டி அடுப்பில் உருக்கி, கம்பியாக இழுத்து, பொடி வைத்து ஊதிப் பற்றவைத்து, தோடாகவும் மூக்குத்தியாகவும் ஆக்கிக் கொடுத்தார். சேதாரத்தைப் பற்றி வாக்குவாதம் வந்ததுண்டு. ஆனாலும் குறை நேர்ந்தால் யாரைக் கேட்பது என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

இந்தக் கைத்தொழில் கடல் கடந்தும் பிழைத்தது. 1845 முதல் திரினிதாதுக்கும், 1853 முதல் மார்த்தினிக்குக்கும், 1854 முதல் குவாதலூப்புக்கும் இந்தியர்கள் கரும்புத் தோட்டக் கூலிகளாகக் கப்பலேற்றப்பட்டார்கள். மரக்காணத்துக்குத் தெற்கே உள்ள புதுச்சேரியும் காரைக்காலும் பிரெஞ்சுத் தீவுகளுக்கு ஆள் அனுப்பிய துறைமுகங்கள். திரினிதாதிலும் கயானாவிலும் குடியேறிய இந்தியத் தட்டார்கள் கூலியாகக் கிடைத்த வெள்ளி நாணயங்களை உருக்கிக் காப்பு செய்தார்கள். சொந்த மண்ணை இழந்தவர்களுக்கு அந்தக் காப்பே அணிகலன், அதுவே வங்கி.

அந்நிய மண்ணில் பிழைத்த தொழில், பிறந்த மண்ணில் அடிபட்டது. 1963 ஜனவரியில் வந்த தங்கக் கட்டுப்பாட்டு விதிகள் 14 காரட்டுக்கு மேற்பட்ட நகை செய்வதைத் தடுத்தன. பட்டறைகள் மூடப்பட்டன, எத்தனையோ பத்தர்கள் வேறு வேலை தேடி அலைந்தார்கள், உயிரை மாய்த்துக்கொண்டவர்களும் உண்டு. 1968-ல் அது சட்டமாகி, 1990-ல்தான் ரத்தாயிற்று.

இன்று தடை ஏதும் இல்லை. ஆனால் வேலையும் இல்லை. இயந்திரத்தில் வார்த்த நகைகள் பெரிய கடைகளில் குவிகின்றன. பல ஊர்களில் பத்தருக்கு மிஞ்சியிருப்பது அறுந்த சங்கிலியை ஒட்டித் தருவதுதான்.

2023 ஏப்ரல் 1 முதல், முத்திரை பெற வேண்டிய தங்க நகையில் எழுத்தும் எண்ணுமாக ஆறு குறிகள் கொண்ட அடையாளம் இருந்தாக வேண்டும். வாங்குபவர் ஏமாறாதிருக்க இது அவசியமே. ஆனால் அந்த அடையாளம் காட்டுவது கடையையும், சோதனை நிலையத்தையும், மாற்றையும். செய்த கையை அன்று. ஆண்டு விற்பனை 40 லட்சம் ரூபாய்க்கு உட்பட்டவர்களுக்கு முத்திரையிலிருந்து விலக்கு உண்டு. சலுகை போலத் தோன்றும் இதுவே பத்தருக்குப் பாதகம். முத்திரை இல்லாத நகையை யார் நம்பி வாங்குவார்?

2023-ல் மத்திய அரசு தொடங்கிய விஸ்வகர்மா திட்டத்தில் பொற்கொல்லரும் சேர்க்கப்பட்டிருக்கிறார்கள். முதல் தவணைக் கடன் ஒரு லட்சம் ரூபாய். 2025-ல் ஆபரணத் தங்கம் கிராம் பத்தாயிரம் ரூபாயைத் தாண்டியது. அந்த விலையில் இக்கடன் பத்து கிராமுக்கும் போதாது. பெரிய உற்பத்தியாளர்களுக்கு வங்கிகள் பொன்னையே கடனாகத் தருகின்றன. அந்த வசதி குமுட்டி அடுப்பின் முன் உட்கார்ந்திருப்பவருக்கும் எட்ட வேண்டாமா?

வழி இல்லாமல் இல்லை. பத்தர்கள் கூட்டுறவுச் சங்கமாகச் சேரட்டும். சங்கத்தின் பெயரில் பொன் கடனும் முத்திரைப் பதிவும் கிடைக்கட்டும். நகையின் பதிவில் செய்தவர் பெயரும் ஏறட்டும். நாகர்கோவில் கோயில் நகைக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருப்பது, கைவேலைக்கும் சட்டத்தின் மதிப்பைப் பெற முடியும் என்பதற்குச் சான்று.

பொதுமக்களுக்கும் இதில் பங்குண்டு. வீட்டு விசேஷத்துக்கு ஒரு சிறு நகையையேனும் ஊர்ப் பத்தரிடம் சொல்லிச் செய்யலாம். பழைய நகையை உருக்கினால் பொன் திரும்பக் கிடைக்கும். பத்தரின் மகன் பட்டறையை விட்டுப் போய்விட்டால், அந்தக் கைத்திறனை எந்த உலையிலிருந்தும் மீட்க முடியாது.